சுவர் முடியுமுன் அடுத்த சுவர்

இந்த மலாய் நாட்டில் காலையில் வெளியே இறங்கினால் முதலில் காதில் விழுவது “பெர்கி மானா?” என்ற கேள்விதான். எங்கே போகிறாய் என்று அர்த்தம். மலாய்க்காரர் கேட்கிறார், சீனர் கேட்கிறார், பால் ஊற்ற வரும் பஞ்சாபிகூடக் கேட்கிறார். பதில் யாருக்கும் தேவையில்லை. நம் ஊரில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போவதில்லையா, அந்த மாதிரி. ஆனால் ஒரு காரியமாகப் புறப்பட்டவனை வழி மறித்து “எங்கே போறே?” என்று கேட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கேட்டவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். புறப்பட்டவர் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார். நான் இங்கே வந்து ஏழு வருஷமாகிறது. இன்னமும் அந்தக் கேள்வி வந்தால் வாய் சிரிக்கிறது, உள்ளுக்குள் பல்லைக் கடிக்கிறேன்.

நான் கொத்தன். லால்குடிப் பக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருக்க வரிசை வரிசையாக வீடு கட்டுகிறார்களே, அதில் ஒரு வரிசை என் கையால் எழும்பியது. மாதச் சம்பளக்காரன் இல்லை. ஒரு வேலையை மொத்தமாக ஒப்புக்கொண்டு, என் ஆட்களை வைத்து முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போகிற சின்னக் கண்டிராக்டர். என்னோடு நாலு பேர். அதில் முத்தையா கைதேர்ந்தவன். சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு போடும் முன்பே அவன் கண் சொல்லிவிடும். அவன் இருக்கிறவரைதான் நான் கண்டிராக்டர், அவன் போய்விட்டால் நானும் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். இதை அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

ஊரில் நான் வேலை தேடிப் போனதே கிடையாது. வீடு கட்ட நினைக்கிறவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நல்ல நாள் பார்த்து, கொத்தனைத் தேடி வருவார். தட்டை வாங்கிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாமாகப் போய் “ஏதாச்சும் வேலை இருக்குங்களா?” என்று கேட்டுவிட்டால் போச்சு. “கை சுத்தமில்லாத கொத்தன் போலருக்கு, அதான் அலையிறான்” என்று பேர் கட்டிவிடுவார்கள். ஒரு முறை ஐந்து மாதம் யாரும் தட்டோடு வரவில்லை. வீட்டில் கஞ்சிக்கே இழுபறி. அப்போதும் நான் படி இறங்கவில்லை. அந்த வீம்பைப் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினேன்.

இங்கே தட்டும் இல்லை, தாம்பாளமும் இல்லை. கோலாலம்பூரில் அரசாங்க ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு பலகை தொங்குகிறது. என்ன வேலை, எந்த இடம், எந்தத் தேதிக்குள் என்று அதில் ஒட்டுகிறார்கள். டெண்டர் பாரம் வாங்கி எழுதி, உறையில் போட்டு, குறித்த நாளில் குறித்த மணிக்குள் அங்கே இருக்கிற மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. முதல் தடவை அந்தப் பலகையின் முன்னால் நின்றபோது, தெருவில் கையேந்தி நிற்கிறவன்போல எனக்குக் கூசியது. நல்ல வேளையாக ஒரு வேலை முடிகிற சமயத்தில் இன்னொன்று எப்படியோ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது கூப்பிடுவார்கள், போவேன். ஏழு வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று. பிறகு ரப்பர் விலை சரிந்தது. கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கூப்பிட ஆள் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீடுகளுக்குக் கூரை வேலை எடுத்திருந்தவர் ஆ செங் என்கிற சீனர். என் சுவர் ஏற ஏற அவர் ஆட்கள் பின்னாலேயே மரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் மூன்று மணிக்கு வழக்கமாகக் கொட்டும் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அடுத்த வேலை எங்கே என்று கேட்டார். இது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன்.

“கெர்ஜா ஹாபிஸ், பாரு சாரி?” என்றார். வேலை முடிந்த பிறகுதான் தேடுவாயா?

நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன். எடுத்த வேலை நிற்கும்போது இன்னொன்றைத் தேடுவது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுச் சாப்பாட்டை விசாரிக்கிற மாதிரி இல்லையா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“லு ஓராங் காயா லா” என்றார். நீ பணக்காரன்.

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே நம்பிவிட்டார். வேலை இல்லாமல் சும்மா உட்கார முடிகிறவன் என்றால் ஊரில் நிலபுலம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றிலிருந்து எனக்கு மரியாதையாக சிகரெட் நீட்ட ஆரம்பித்தார். அவரோ இந்தக் கூரைக்கு முதல் ஆணி அடித்த வாரமே அடுத்த இடத்துக்குப் பாரம் போட்டுவிட்டார்.

அந்த வாரம்தான் என் மனைவி செல்லம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுவார். “இந்த வேலை முடிஞ்சு அடுத்த வேலையைப் பிடிக்கிறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போங்க. வள்ளிக்கு எட்டு வயசாகுது. உங்க போட்டோவைக் காட்டினா யாரும்மா இதுன்னு கேக்குறா” என்றிருந்தது. நான் புறப்பட்டபோது வள்ளி தவழ்ந்துகொண்டிருந்தாள். கப்பலில் போக, இருக்க, திரும்ப என்று எப்படியும் மூன்று மாதம் வேண்டும். அவ்வளவு பெரிய இடைவெளி இரண்டு வேலைகளுக்கு நடுவில்தான் கிடைக்கும். அடுத்த வேலையை முன்கூட்டியே தேடிக்கொண்டால் இடைவெளி இல்லை, ஊர் இல்லை. தேடாமல் விட்டால் ஆட்கள் கலைந்துபோவார்கள், திரும்பி வரும்போது நான் வெறும் கூலி. இரண்டில் எது என்று முடிவெடுக்காமல் இரண்டு மாதம் சுவர் கட்டினேன்.

கடைசியில் முத்தையாதான் பேச்சை எடுத்தான். “அண்ணே, பலகையில இன்னொரு வரிசை வீடு போட்டிருக்காங்களாம். போடுறீங்களா இல்லையா? இல்லேன்னா சொல்லிடுங்க, காப்பார் தோட்டத்துல மேஸ்திரி ஆள் கேக்குறாரு.” வேறு வழியில்லாமல் பாரம் வாங்கினேன். எழுதினேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பெட்டியில் போட வேண்டும்.

அன்றைக்குக் குளித்து, விபூதி பூசி, உறையை மடியில் வைத்துக்கொண்டு பத்தரை மணிக்குக் கிளம்பினேன். நடந்தால் அரை மணி. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கேட் காக்கிற மலாய்க்காரப் பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாக, “பெர்கி மானா?” என்றார். ஏழு வருஷத்தில் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். நானும் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குக் கால் நின்றுவிட்டது. திரும்பினேன். அறைக்கு வந்து தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன். மறுபடி அதே கேட் வழியாகப் போனால் அவர் மறுபடி கேட்பார். அதனால் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். நடுவில் சேறு. ஓரிடத்தில் பாலம் கட்ட வழியை அடைத்திருந்தார்கள். ஆபீஸ் படி ஏறும்போது மணி பன்னிரண்டு அடித்து முடிந்திருந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கிராணியார், அதாவது ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். “ஏன் பிந்தி வந்தனீர்? பெட்டி பூட்டியாச்சு” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவரும் நம்மவர்தானே, புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். “தண்ணி குடிக்கவோ திரும்பிப் போனீர்? இஞ்சை எல்லாரும் எல்லாரையும் இதைத்தானே கேக்கிறாங்கள். நீர் எத்தினை வருசமா இஞ்சை இருக்கிறீர்?” உறையை மறுபடி மடியில் செருகிக்கொண்டு படி இறங்கினேன்.

சகுனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு பொய் எதற்கு? அறையில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேனே, அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கண் செல்லம்மாள் கடிதத்தின் மேல்தான் இருந்தது. பெட்டி பூட்டிவிட்டால் நல்லது என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டது. நானாக வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாத வேலையை, அந்தப் பெரியவர் வாயால் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

வீடுகள் முடிந்தன. சாவியைக் கொடுத்தோம். முத்தையா காப்பாருக்குப் போனான், மற்ற மூன்று பேரும் பந்திங் பக்கம் போனார்கள். ஆசைப்பட்ட இடைவெளி இதோ கையில் இருந்தது. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் நான் கட்டிய வீடுகளின் முன்னால் நடந்தேன். யாரோ குடிவந்து துணி காயப்போட்டிருந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து கை நமநமவென்றது. அடுத்த வாரம், ஒரு வழியாக டிக்கெட் வாங்கிவிடுவது என்று கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். வியாழக்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

கிள்ளான் கடைத்தெருவில் ஆ செங் எதிரே வந்தார். துறைமுகத்தில் கிடங்கு கட்டுகிறார்களாம். கூரையோடு சுவரும் அவர் பொறுப்பு. சுவருக்கு எடுத்திருந்த ஆட்கள் பாதியில் விட்டுப் போய்விட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலை, மூன்று மாதம். “போலே?” என்று கேட்டார். முடியுமா? டிக்கெட் ஆபீஸ் எதிர்ச் சாரியில்தான், கூப்பிடு தூரம். என் வாய் என்னைக் கேட்காமலே “போலே” என்றது. சொன்னதும் நிம்மதியாக இருந்தது. அதுதான் எனக்கு வெட்கம். அப்படியே காப்பாருக்குப் போய் முத்தையாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் சாந்துக் கரணையைத் துடைத்து எடுத்துக்கொண்டான்.

நடந்ததையெல்லாம் ஊருக்கு எழுதினேன். நேற்று பதில் வந்தது. “வேலை கிடைச்சது சந்தோஷம். அடுத்த வேலையை எப்பத் தேடணும்னு அந்தச் சீனக்காரரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு. எங்களை எப்பத் தேடணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தா தேவலை.” வாத்தியார் இதை எழுதத் தயங்கியிருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் மை தடித்திருந்தது.

என்னைப்போல் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்ததை எப்போது தேடுவது என்று கேட்டால், சுவர் மார்பளவு வந்ததும் கிளம்பிவிடுங்கள் என்பேன். அதற்கு முன்னால் போனால் எடுத்த வேலையை விட்டு ஓடுகிறவன் என்பார்கள். தலைக்கு மேல் போன பிறகு போனால் பெட்டி பூட்டியிருக்கும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஊருக்கு எப்போது கிளம்புவது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

இன்று காலையில் கிடங்கின் கடல் பக்கத்துச் சுவர் என் மார்பளவுக்கு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் நிற்கிறது. நாகப்பட்டினத்துக் கப்பல்தான், சாயங்காலம் புறப்படுகிறது. மூட்டை முடிச்சோடு நம் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பச்சைப் புடவைத் தலைப்பால் பிள்ளைக்கு முகம் துடைத்தாள்.

“அண்ணே, நூலைப் பாருங்க” என்றான் முத்தையா. “கல்லு வெளியே தள்ளுது.”

பார்த்தேன். நான் வைத்த நாலு கல்லும் நூலைத் தாண்டிக் கடல் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் என் கை இப்படிப் போனதில்லை. பெயர்த்தெடுத்து, சாந்தைச் சுரண்டிவிட்டு, மறுபடி வைத்தேன். சட்டைப் பையில் செல்லம்மாள் கடிதமும், கிள்ளானில் வாங்கிய புது டெண்டர் பாரமும் ஒன்றாகக் கசங்கின. மத்தியானத்துக்குள் சுவர் கண்ணை எட்டிவிட்டது. கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது, அடுத்த வரிசை வைத்ததும் அதுவும் இல்லை. நாளைக்குச் சாரம் போட்டு ஏறி நின்றுதான் கட்ட வேண்டும். அங்கேயிருந்து கடல் மறுபடி நன்றாகத் தெரியும். கப்பல் இருக்காது.