வீரியமும் செறிவும்

எனக்கு எழுத்து சரியாக வராது, மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அருமனையில் நாங்கள் ரப்பர் ஷீட் அடிக்கும் புரைக் கொட்டகைக்கு ஒரு கெமிஸ்ட்ரி சார் வேடிக்கை பார்க்க வந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தபடியேதான் பேசுவார். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட், தண்ணீர் கலக்குமுன் என் கையில் கொட்டிவிட்டது.

"ஸ்ட்ராங் ஆசிடாக்கும் சாரே! அந்த வாளி வெள்ளத்தை ஊத்தும்!"

வாளி அவர் காலடியில்தான் இருந்தது.

"வீரியம் வேற, செறிவு வேற அம்மா. இது வீரியம் குறைஞ்ச ஆசிடு. செறிவுதான் கூடுதல்" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

நானே ஓடிப்போய்க் கையை வாளிக்குள் விட்டேன்.

"பாத்தியளா, இப்பம் செறிவு குறையும்" என்று சிரித்தார்.

தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த மனிதரிடம் இருந்தது இரண்டு வார்த்தைகள்தான். அவையாவது சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.