என் பக்கம் வைத்த ஃபேன் சுவிட்ச்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் அவர் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். வாங்கிய கோடையிலேயே வண்டி சூடாக ஆரம்பித்துவிட்டது. ரேடியேட்டரில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். தண்ணீர் சூடேறியதும் அதுதான் ஃபேனைத் தானாகச் சுற்றவிடும். அது போய்விட்டிருந்தது. ஒர்க் ஷாப்பில் புதுசு மாற்றச் சொன்னார்கள்.

"ஒரு மில்லுக்கே வயரிங் பாக்குறவன் நான். எனக்கு இவனுக சொல்றானுகளா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, ஃபேனிலிருந்து வயர் இழுத்து, வீட்டில் லைட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு சுவிட்சை டேஷ்போர்டுக்கு அடியில் திருகினார். தன் பக்கம் இல்லை, என் பக்கம்.

"சூடு காட்டுற முள்ளு பாதிக்கு மேல ஏறுனா போடணும். இறங்குனா அமத்தணும். சும்மாவே போட்டு வச்சு பேட்டரியத் தின்னுறாத. இம்புட்டாவது செய்வியா?"

அதற்குப் பிறகு நான் காரில் வெளியே பார்த்ததே கிடையாது. அந்தச் சின்ன முள்ளையே பார்த்துக்கொண்டு வருவேன். கொஞ்சம் பிந்திவிட்டால், கியர் மாற்றுகிற கையாலேயே என் தொடையில் ஒரு இடி விழும். பின் சீட்டில் யார் இருந்தாலும் விழும். ஒருதடவை அவருடைய அக்கா இருந்தார்கள். "நல்லாத்தான் வேலை குடுத்திருக்கான்" என்று சிரித்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பிறந்த வீட்டில் தங்கச்சிக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். சித்திரை வெயில். பத்து மணிக்குக் கிளம்பினோம். பட்டுச்சேலை கட்டியிருந்தேன். ஊரைத் தாண்டியதும் முள் ஏறியது. சுவிட்சைப் போட்டேன். முள் இறங்கவில்லை.

"போட்டுட்டேன்ங்க. ஃபேன் சத்தம் கேக்கல."

"போட்டா ஏன் கேக்காது? தூங்கிட்டு வந்துட்டு பொய் சொல்லுத."

அவர் நிறுத்தவில்லை. முன்னால் ஆவி கிளம்பி, ரோடு மறைகிற அளவுக்கு வந்த பிறகுதான் ஓரமாக நிறுத்தினார். பானெட்டைத் தூக்கிவிட்டு, என்னைக் கேன் எடுத்துக்கொண்டு எதிரே தோப்புக்குள் இருந்த பம்புசெட்டுக்குப் போகச் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"ரேடியேட்டர் மூடியத் திற."

"செத்த நேரம் ஆறட்டுமேங்க."

"அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காக. உன்னாலதான இம்புட்டும்? திற."

"துணி வேணுமே."

"முந்தானை இருக்குல்ல."

சொல்லிவிட்டு அவர் பின்னால் நகர்ந்து நின்றார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூடி அரைச் சுற்றுதான் திரும்பியிருக்கும். கொதிக்கிற தண்ணீர் பீறிட்டு வந்து மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அடித்தது. நான் அலறினேன். கேனில் இருந்த தண்ணீரைக் கையில் ஊற்றப் போனபோது கேனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது வண்டிக்கு."

அப்புறம் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, குனிந்து ஃபேன் பக்கம் கையை விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு விட்டுப்போய், வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி முறுக்கி டேப்பைச் சுற்றினார். ஃபேன் ஓடியது.

"இப்ப ஓடுதுல்ல, ஏறு" என்றார்.

வீட்டு வாசலில் இறங்கியபோது என் கை வெந்து தோல் சுருண்டிருந்தது. அம்மா அலறிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சூட்டோட மூடியத் திறந்துட்டா. எது சொன்னாலும் கேக்க மாட்டா" என்றார் அவர். அப்பா என் கையை ஒரு நொடி பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே மாப்ளே?" என்று கேட்டார்.

உள்ளறையில் என் கையில் மருந்து தடவிக்கொண்டே தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்: "எக்கா, வந்திருக்கவிய எப்படி இருப்பாக?"

"எனக்கு எப்படிட்டி தெரியும்? அப்பா பாத்த மாப்பிள்ளை."

அவள் அழ ஆரம்பித்தாள். அழாதே என்று நான் சொல்லவில்லை. வெளியே தட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் அவர் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். நான் பின்வாசல் வழியாக இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் வராததால் அவர் தனியாகவே முன்னால் கிளம்பியிருக்க வேண்டும். பாதி வழியில் எங்கள் கார் ரோட்டோரம் நின்றது. பானெட் திறந்திருந்தது. சுவிட்சைப் போட மறந்தாரா, ஒட்டு மறுபடி விட்டதா, எனக்குத் தெரியாது. சட்டையெல்லாம் நனைந்து, அவர் நடுரோட்டில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

டிரைவர் வேகத்தைக் குறைத்துப் பின்னால் பார்த்தார். "யாருக்கும் தெரிஞ்சவுகளா?" என்று கண்டக்டர் பொதுவாகக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் போய்விட்டது.

இருட்டிய பிறகு நடந்தே வந்து சேர்ந்தார். என்ஜின் போய்விட்டதாம். பஸ்ஸில் என்னைப் பார்த்தாரா என்று அவர் சொல்லவில்லை. சாப்பாடு போட்டேன். இடது கையால்தான் பரிமாற முடிந்தது, அதற்கும் திட்டினார்.