செருப்புக்கு ஒரு அனுமதிக் கடிதம்

ஜவ்வாது மலையில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில், கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தலைமையாசிரியர் போட்ட சட்டம். ஆயுத பூஜைக்கு மானிட்டரின் நெற்றியில் வைத்த குங்குமம் அடுத்த ஆயுத பூஜை வரை அப்படியே இருக்கும். தினமும் தரையை ஈரத்துணியால் வேறு துடைப்பார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கரண்டுச் சாமானைத் தொடுவதற்கு எங்கள் பள்ளியில் மரியாதை என்று பெயர்.

மலையில் எனக்கு ஆறு வருடம். வீட்டுக்காரரும் யூகேஜி படிக்கும் மகளும் திருப்பத்தூரில் இருந்தார்கள். சனிக்கிழமை இறங்கினால் திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் மேலே வந்துவிட வேண்டும். மகள் எனக்கு 'ஞாயித்துக்கிழம அம்மா' என்று பெயர் வைத்திருந்தாள். அந்த வருடம் மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். தலைமையாசிரியர் தன் லாகினில் ஒரு பொத்தானை அழுத்தி அதை மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நான்கு நாளாக "பாக்கலாம் டீச்சர்" என்றவர், கடைசி நாள் மத்தியானம் ஒருவழியாக உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை.

"பாத்தீங்களா, அதுக்கே உங்கள அனுப்ப மனசு வரல" என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு கம்ப்யூட்டரில் செய்யலாம் என்றால் கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. யாரோ எப்போதோ அடித்து அந்த ஒன்றில் சேமித்து வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும்.

அறிவியல் ஆய்வகத்தில் கிடந்த மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். ரப்பர் செருப்போடு வாசலைத் தாண்டும்போது குறுக்கே கையை நீட்டினார்.

"செருப்பு, டீச்சர்."

"கரண்டு வேல சார். செருப்பு இல்லாம தொட மாட்டேன்."

"இன்னிக்கு உங்கள வுட்டா நாளைக்கு பசங்க கேப்பாங்க. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க."

எழுதினேன். 'மின்சாரச் சோதனையின் பொருட்டு இடது மற்றும் வலது செருப்புகளை அணிந்து உள்ளே செல்ல அனுமதிக்குமாறு.' இரண்டு முறை படித்தார், பச்சை மையில் கையெழுத்துப் போட்டார், கோப்பில் வைத்தார். மணி மூன்றே கால்.

வளையல்களைக் கழற்றினேன். ப்ளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளைப் பெட்டியைத் தனியாக எடுத்து, காய்ந்த மர பெஞ்சில் வைத்தேன்.

"தொறந்து உள்ள பாத்துடுங்களேன்."

"தொறக்கவே கூடாது சார். ப்ளக்க புடுங்கினாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும்."

அவர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கருப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து இணைத்தேன்; அப்போதுதான் தனியாக எடுத்த பெட்டி ஓடும். அதற்கப்புறம்தான் ப்ளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். பெட்டிக்குள் இருந்த சின்னக் காற்றாடி சுற்றியது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைக் கருப்பு வயரில் நிறுத்தி, சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஆரஞ்சு வயரில் மூன்று புள்ளி மூன்று, சரி. சிவப்பில் ஐந்து, சரி. மஞ்சளில் பன்னிரண்டு வர வேண்டும், ஒன்பதைத் தாண்டவில்லை.

இடியில் மதர்போர்டு போன இன்னொரு கம்ப்யூட்டர் மூலையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. அதன் பவர் சப்ளையையும் இதே மாதிரி சோதித்தேன். கெட்டதை நம்பி மாட்டினால் நல்ல போர்டும் போய்விடும். அதில் மஞ்சள் வயர் பன்னிரண்டு காட்டியது. மாற்றி மாட்டினேன்.

நாலரைக்குத் திரையில் வெளிச்சம் வந்தது. தலைமையாசிரியர் என் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டு மௌஸ் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போய்ட்டா இதெல்லாம் யாரு பாப்பாங்க?"

"எப்படி பாக்கறதுன்னு எழுதி செவுத்துல ஒட்டிட்டுப் போறேன் சார்."

"கணக்கயும் எழுதி ஒட்டிட்டுப் போவீங்களா?"

நாலு நாளாக அவர் ஏன் இழுத்தடித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. மகளின் முகத்தை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"அழுத்துங்க சார்" என்றேன். அழுத்தினார்.

திருப்பத்தூருக்கு வந்து ஒரு வருடம் ஆன பிறகு ஒருநாள் போன் செய்தார்.

"டீச்சர், திரும்பவும் ஆன் ஆவல. நீங்க ஒட்டினது வெள்ளையடிச்சப்ப போய்டுச்சு. பச்சைய எதோட சேக்கணும்?"

"செருப்பு போட்டிருக்கீங்களா சார்?"

"லெட்டர் எழுதி, நானே கையெழுத்து போட்டு, போட்டுக்கினுதான் நிக்கறேன்."

வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு கேட்டும் விட்டேன். "கணக்குக்கு யாராவது வந்தாங்களா சார்?"

அந்தப் பக்கம் பெஞ்சை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"மொதல்ல பச்சைய சொல்லுங்க டீச்சர்" என்றார்.