சளி இல்லைக்கா!

மூன்று வருடங்களுக்கு முன், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம். பெங்களூரு ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் ஒற்றை அறை வாடகை வீடு. ஆம்பூரிலிருந்து வந்து எட்டு மாதமாகியும் சரி என்பதற்கு 'ஆய்த்து', வேண்டாம் என்பதற்கு 'பேடா' என்ற இரண்டு கன்னட வார்த்தைகளை வைத்தே பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் மகன் எடை குறைவாகப் பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள், எங்கள் ஏரியா ஆஷா ஊழியர் வந்தார். வீடு வீடாகப் போய்த் தாயையும் குழந்தையையும் பார்ப்பது அவர் வேலை. பாதிக் கன்னடம், பாதித் தமிழ்.

"மகுவுக்கு, கொழந்தைக்கு, சளி ஆகக் கூடாதும்மா. சட்டை கழட்டி உங்க நெஞ்சு மேல போட்டுக்கோங்க. தோல் மேல தோல் படணும்."

எனக்குத் தலை சுற்றியது. சளி பிடிக்கக் கூடாதென்றால் யாராவது குழந்தையின் சட்டையைக் கழற்றுவார்களா? என் காதில்தான் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். திருப்பிக் கேட்க வெட்கம். "ஆய்த்து அக்கா" என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் குழந்தைக்குச் சட்டை போட்டுத் துணியில் சுற்றிக் கட்டிலில் படுக்க வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் செய்தார். "மகுவுக்கு சளி இருக்கா?"

மூக்கைப் பார்த்தேன். நெஞ்சில் காதை வைத்தும் கேட்டேன். ஒன்றுமில்லை.

"சளி இல்லைக்கா. ரொம்ப சமத்து. விடிஞ்சதிலருந்து பால்கூட கேக்காம தூங்குறான்" என்றேன் பெருமையாக.

"பால் குடிக்கலயா? இருங்க, பர்த்தீனி, இதோ வரேன்!" போன் கட்டாகிவிட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயத்துக்கு ஏன் இப்படிப் பதறுகிறார் என்று விளங்கவில்லை.

கால் மணி நேரத்தில் நனைந்தபடி வந்து நின்றார். தன் கையைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்தார். சில்லென்றிருந்தது. வயிறும் அப்படியே.

"இதேம்மா சளி!"

கன்னடத்தில் சளி என்றால் குளிராம். உடம்பு குளிர்ந்துபோனால்தான் குழந்தை பால்கூடக் கேட்காமல் சோர்ந்து தூங்குமாம். நான் மூக்கில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மளமளவென்று சட்டையைக் கழற்றிக் குல்லாய் போட்டு, என் வெறும் மார்பில் அவனைக் கிடத்திக் கம்பளியால் மூடினார். அப்படியே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் "பொழச்சிக்குவானாக்கா?" என்று அழுதேன். அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

"புரியலக்கா. தமிழ்ல சொல்லுங்க."

"சூடு வருது பாரு. விடாத, இறுக்கிப் பிடி."

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது மாடிப்படியில் அவனைப் பிடிக்க முடிவதில்லை.

அதன்பிறகு புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல நான் கூச்சப்படுவதே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்றும் குழப்புகிறது: அவர் கேட்டதில் தப்பில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை, ஆனாலும் என் மகன் கைவிட்டுப் போகப் பார்த்தானே!