பாய்லர் அணைந்திருந்த நாள்

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்பது என் அம்மாவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் "காத்தைப் பிடிக்கிறா" என்று சொல்லிவிடுவார். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற மகளைப் பற்றி இப்படியா சொல்வது என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. யோசித்துப் பார்த்தால், அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியாது.

டி. கல்லுப்பட்டி தாண்டி பேரையூர் போகிற வழியில் ஒரு அரிசி ஆலை. நெல் அவிப்பதற்கு உமியைப் போட்டு பாய்லர் எரிக்கிறார்கள். அதன் புகைபோக்கியிலிருந்து ஒரு குழாயைப் பிரித்து, புகையில் கொஞ்சத்தை மட்டும் எங்கள் கருவிக்குள் இழுக்கிறோம். உள்ளே இருக்கும் திரவம் கரியமில வாயுவைத் தனியாக உறிஞ்சிக்கொள்ளும். திரவத்தைச் சூடாக்கினால் வாயு பிரிந்து வரும். அதை ஒரு மூடிய அறைக்குள் விட்டால், அங்கே அடுக்கி வைத்திருக்கும் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்த கற்கள் அதைக் குடித்து இறுகிப்போகும். கல்லுக்குள் போன வாயு மறுபடி வானத்துக்குப் போகாது. இவ்வளவுதான் விஷயம். வேலையும் செய்கிறது. அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

இதற்கு டெல்லியில் ஒரு துறை பணம் தருகிறது. சிமெண்ட் ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் பெரிதாகச் செய்வதற்கு முன்னால், சின்ன இடங்களில் செய்து பார்க்க வேண்டும் என்பது கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் பணம் நிதியாண்டு முடியப் போகும் நேரத்தில்தான் வந்து சேரும், மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும். கருவி வாங்க வந்த பணத்தில் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. எதற்கென்று கொடுத்தார்களோ அதற்குத்தான். முதல் கட்டம் முடிந்ததும் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். அவர்களுக்குத் திருப்தி என்றால் இரண்டாம் கட்டம். இல்லையென்றால் கருவி அப்படியே தகரக் கொட்டகைக்குள் கிடக்க வேண்டியதுதான். பல கல்லூரிகளில் அப்படிக் கிடக்கும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு மட்டும் யாராவது அவற்றின் பக்கம் போவார்கள்.

ஆலைக்குப் பின்தெருவில் ஒரு அக்கா அப்பளம் போட்டு விற்கிறார். மொட்டை மாடியில் வேட்டியை விரித்து அப்பளத்தைக் காயப்போடுவார். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் போதும், உமிச்சாம்பல் பறந்து வந்து ஈர அப்பளத்தில் ஒட்டிக்கொள்ளும். தட்டினாலும் போகாது. கறுப்புப் புள்ளி விழுந்த அப்பளத்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பாதி நாள் உழைப்பு அப்படியே வீண். வீட்டுக்குள் ஃபேன் போட்டுக் காயவைத்துப் பார்த்திருக்கிறார், அது வளைந்து கோணிப்போகிறது.

எங்கள் லாரி முதல்முறை ஆலைக்குள் நுழைந்தபோதே அந்தத் தெரு முடிவு செய்துவிட்டது, சாம்பலை நிறுத்த மெஷின் வந்துவிட்டதென்று. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் யாரும் போய்ச் சொல்லவில்லை. அந்த அக்கா அவ்வப்போது எங்கள் மாணவிகளுக்கு அப்பளம் பொரித்துக் கொடுத்து அனுப்புவார். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

குழு வரும் தேதி தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. முதல் நாள் சாயங்காலம் ஆலைக்காரருக்கு போன் செய்து, பெரிய ஆட்கள் வருகிறார்கள், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் அண்ணே என்றேன். அவர் தங்கமான மனுஷர். இடமும் கொடுத்து, மின்சாரமும் கொடுத்து, எங்கள் தொந்தரவையும் முகம் சுளிக்காமல் பொறுத்துக்கொண்டவர். கவலையே படாதீர்கள் மேடம், அசத்திவிடலாம் என்றார்.

மறுநாள் காலை குழுவினரின் காருக்குப் பின்னால் என் காரில் போய் இறங்கினேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பந்தல், பெரிய கோலம், சந்தனம், பன்னீர்ச் செம்பு. என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ். புகைபோக்கியின் அடிப்பாகத்துக்குக் கோயில் மதில்போல் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள். அப்படியே அண்ணாந்து மேலே பார்த்தேன். வானம் சுத்தமான நீலமாக இருந்தது. புகையைக் காணோம்.

ஆலைக்காரரைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை.

"நேத்தே பாய்லரை அணைச்சுப்புட்டேன் மேடம். வெள்ளையுஞ் சொள்ளையுமா வாரவுக மேல சாம்பல் விழுந்தா நமக்குத்தான அசிங்கம்?"

புகையைப் பிடிப்பதைப் பார்க்க வந்தவர்களுக்காகப் புகையை நிறுத்தியிருக்கிறார். திரும்ப எரித்து நீராவி ஏறுவதற்குள் குழு மதுரைக்கே போய்விடும். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. விருந்தாளி மேல் சாம்பல் விழக்கூடாது என்று நினைத்தவரை என்னவென்று திட்டுவது? சுத்தமாக இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தானே.

குழுத்தலைவர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். அவரிடம் நேராகப் போய், பாய்லர் இன்று ஓடவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். உங்கள் பழைய அளவீடுகள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன, இன்றைக்கு ஓட வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை என்று ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னார். ஓடாத கருவியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். கற்களைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார்கள். பொன்னாடையை வாங்கிக்கொண்டார்கள். அதோடு முடிந்திருந்தால் இது வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதையாகப் போயிருக்கும்.

உள்ளூர் மக்களிடம் கருத்துக் கேட்பது என்று அவர்கள் வேலையில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்காகப் பின்தெருவுக்கு நடந்தோம். அப்பள அக்கா மாடியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். மாடி முழுக்க அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

"டீச்சர், மெஷினு வேலை செய்யுது டீச்சர்," என்றார். "நேத்துப் பிடிச்சு ஒரு பொட்டுச் சாம்பல் விழுகல. நீங்க நல்லா இருக்கணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். மாவு ஒட்டியிருந்த கை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்ன சொல்கிறார் என்று குழுத்தலைவர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். எழுதிக்கொண்டார். நான் அவரை ஓரமாக அழைத்து, இது பாய்லர் அணைந்திருப்பதால், நம் கருவிக்கும் சாம்பலுக்கும் சம்பந்தமில்லை என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்பதுபோல் தலையாட்டினார். முழு அளவில் கருவி வரும்போது எப்படியும் புகையைச் சுத்தம் செய்துதானே உள்ளே விட வேண்டும், அந்த அம்மா சொன்னது கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னதாக இருக்கட்டும் என்றார். அப்படியானால் அடுத்த கட்டத்தில் இந்தப் புகைபோக்கிக்கே ஒரு சாம்பல் பிடிப்பான் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முகம் வாடிப்போனது அவருக்கு. சாம்பல் காற்று மாசில் வரும், அது வேறு துறை, இந்தப் பணம் கார்பனுக்கு மட்டும்தான் என்றார். பொய் சொல்லவில்லை அவர். விதி அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது. அதில் அந்தத் தெருவுக்கு நேரடிப் பலன் என்று ஒரு வரி இருந்தது. அம்மா எனக்குத் தெரியாமல் எங்கள் சர்ச்சில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயர் என் பெயரைச் சொல்லி, ஏழை எளியவர்கள் மேல் சாம்பல் விழாதபடி கர்த்தர் நம் சகோதரியைக் கொண்டு செய்த காரியத்துக்காக என்று வாசித்தார். சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அவமானத்தில் காது மடல் எரிகிறது என்பார்களே, நிஜமாகவே எரியும். அம்மாவுக்கு யார் அப்படிச் சொன்னது என்று பிறகு கேட்டேன். நீதான் அந்த அப்பளக்காரப் பொம்பளை கையைப் பிடித்து அழுதாள் என்று சொன்னாயே என்றார். பாதிக் கதையை மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் ஆலைக்குப் போனேன். பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது, கார் கண்ணாடியில் சாம்பல் படிந்தது. துறை தராவிட்டால் போகட்டும், சாம்பல் பிடிப்பானை நீங்களே வைத்துவிட முடியாதா அண்ணே என்று ஆலைக்காரரிடம் கேட்டேன். வைக்கத்தானே இருந்தேன் என்றார். தெருக்காரர்கள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனுக் கொடுத்து, அங்கிருந்து நோட்டீஸ் வந்து, அவர் கோயம்புத்தூர் போய் விலையெல்லாம் விசாரித்துவிட்டு வந்தாராம். அந்த நேரத்தில்தான் நாங்கள் வந்து இறங்கியிருக்கிறோம்.

"காலேஜ்ல இருந்து புகைக்குன்னே பெரிய மெஷினு போடுறாகன்னு ஆபீஸ்ல சொன்னேன். சரி, அது முடியட்டும்னு விட்டுட்டாக. பெறகு நான் எதுக்கு மேடம் தனியா ஒண்ணு போடணும்? நீங்க வந்ததுல எனக்கு அம்புட்டு உபகாரம்."

நன்றியோடு சொன்னார். அடுத்த முறை குழு வந்தாலும் பாய்லரை அணைத்துவிடுவேன், போன தடவை அதுதான் ராசி என்றும் சொன்னார். எங்கள் கருவி சாம்பலை நிறுத்தவில்லை என்பது மட்டும்தான் என் வருத்தம் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்க இருந்த சாம்பலை நாங்கள்தான் நிற்கவிடாமல் செய்திருக்கிறோம். மாசு ஆபீசுக்கு நானே எழுதுகிறேன் என்றேன். எழுதுங்கள் மேடம், ஆனால் இடம் என்னுடையது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

ஆலைக்குப் போன அன்றைக்கே பின்தெருவுக்கும் போனேன். அங்கே போகாமல் வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. அக்கா ஒரு முறத்தில் புள்ளி விழுந்த அப்பளங்களைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷினு ரிப்பேரா டீச்சர்?" என்றார்.

இல்லை அக்கா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். புகையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு இருக்கிறது, எங்கள் மெஷின் அதைத்தான் பிடிக்கும், அது உலகத்தையே சூடாக்குவது, சாம்பலுக்கு எங்களுக்குப் பணம் கொடுக்கவில்லை, அன்றைக்கு பாய்லரே ஓடவில்லை, ஆலைக்காரர் வைக்க இருந்ததும் எங்களால்தான் நின்றுபோனது. வகுப்பில் இதைவிடத் தெளிவாகப் பேசுவேன். அவர் பொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் அங்கேயே நின்றேன்.

"அப்ப அன்னிக்கு அவுக வந்ததாலதான் சாம்பல் விழுகலயா?"

ஆமாம் என்றேன்.

"அடுத்து எப்ப வாராகன்னு முன்னாடியே ஒரு போன் போட்டுருங்க டீச்சர். அன்னிக்கு ஆளு சேத்துக்கிட்டு நெறையாப் போட்டுக்கிறேன்."

அவர் பேச்சில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இல்லை. நிஜமாகத்தான் கேட்டார். நான் கிளம்பும்போது புள்ளி விழாத அப்பளமாகப் பார்த்து ஒரு கட்டு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு முகமில்லை.

குழு மறுபடி வருகிறது. போன வாரம் தேதி தெரிந்தது. கல்லூரியில் எங்கள் துறைத்தலைவருக்குச் சொல்வதற்கு முன்னால் அந்த அக்காவுக்குத்தான் போன் செய்தேன். வெயில் நன்றாக அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஆலைக்காரரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை பாய்லர் ஓடியே ஆக வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் ஹலோ என்றதும், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் அண்ணே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.