ஆத்துப்பக்கத்துக்கு ஆள் பிடித்த கதை

காசு வாங்காமல் கொடுக்கிற சரக்கை விற்பதுதான் இருக்கிற வியாபாரங்களிலேயே கஷ்டமானது. காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சும்மா தருகிறேன் என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ரத்ததானத்துக்கு ஆள் கூப்பிட்டவர்கள், நூலகத்துக்கு உறுப்பினர் சேர்த்தவர்கள், கல்லூரி வாசலில் நோட்டீஸ் கட்டோடு நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பார்வையை வாங்கியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விற்றது ஓர் இணையதளம். பெயர் ஆத்துப்பக்கம். தாமிரபரணிக் கரையோரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அதில் சேர வேண்டும். ஆளுக்கொரு படித்துறையையோ வாய்க்காலையோ தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, அங்கே என்ன கெட்டுக் கிடக்கிறது என்று வாரம் ஒரு படம் போட்டு நாலு வரி எழுத வேண்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பேச வேண்டும். யோசனையும் செலவும் என் பள்ளித் தோழன் சங்கரலிங்கத்துடையது. சேரன்மகாதேவிக்காரன். நிலபுலன் எல்லாம் தாத்தா காலத்தோடு போய்விட, படிப்பைப் பிடித்துக்கொண்டு வெளிநாடு போய்விட்டவன்.

தளத்தைக் கட்டியது நான். தச்சநல்லூர்ப் பக்கம் ஓர் எடைமேடையில் பதினெட்டு வருடமாக இரவு வேலை. லாரி ஏறும், எடை போட்டுச் சீட்டைக் கொடுப்பேன், லாரி இறங்கிப் போய்விடும். அடுத்த லாரி வரும்வரை அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்தான் துணை. அதைத் தட்டித் தட்டி எனக்கு நானே சொல்லிக்கொடுத்துப் படித்தது இவ்வளவும். எத்தனையோ பாரத்தை நிறுத்திப் பார்த்திருக்கிறேன், என்னுடையது என்று ஒன்றும் அந்த மேடையில் நின்றதில்லை. ஆத்துப்பக்கம் மட்டும்தான், நான் தூங்கி எழுந்து பார்க்கும்போதும் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு ஆள் சேர்க்கத்தான் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு வருடம் கல்லூரி கல்லூரியாக அலைந்தேன். சங்கரலிங்கம் முதல் நாளே ஃபோனில் ஒரு நிபந்தனை வைத்திருந்தான்: "பிள்ளைங்க தானா எழுதணும்லே. நீயே உக்காந்து இழுத்துக்கிட்டுக் கெடந்தேன்னா, வார சித்திரையோட மூடிருவோம்."

முன்வரிசை நாற்காலி

முதல் கூட்டம் ஒரு பெண்கள் கல்லூரியில். எடைமேடையில் இருந்து நேராக வீட்டுக்குப் போய்க் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலைக்கு மேலே காற்றாடி. துறைத்தலைவி என்னை அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். பூமி தோன்றியதில் இருந்து தொடங்கினார். அவர் மனிதன் தோன்றிய இடத்துக்கு வந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது மண்டபம் காலி. கடைசி பெஞ்சில் மறந்து வைத்துவிட்டுப் போன பையை எடுக்க வந்த ஒரு பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பெயர் இசக்கி, இரண்டாம் வருடம் வணிகவியல், தினமும் சீவலப்பேரியில் இருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் குரலைத் தணித்துச் சொன்னது இவ்வளவுதான்: "அசந்து தூங்குறவங்களை எழுப்பக் கூடாதுன்னு மேடம் நன்றியுரை சொல்லி முடிச்சிட்டாங்க சார்."

ஒரே மதியத்தில் ஒரு வகுப்பு

இரண்டாவது கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் எனக்கு இரக்கப்பட்டு, ஆத்துப்பக்கத்தில் சேருகிறவர்களுக்கு உள்மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிட்டார். ஒரே மதியத்தில் வகுப்பு முழுக்க உள்ளே வந்துவிட்டது. நான் சங்கரலிங்கத்துக்கு ஃபோன் போட்டு, குரலில் பெருமை தெரியாமல் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

அதன் பிறகு ஒரு படம் இல்லை, ஒரு வரி இல்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரில் போனேன். மாடிப்படியில் எதிரே வந்த மாணவன் என்னை அடையாளம் கண்டு, ஒதுங்கி நின்று, வீட்டில் நோயாளியை விசாரிக்க வந்தவரிடம் சொல்வதுபோல் சொன்னான்: "மார்க் எல்லாம் ஏத்தியாச்சு சார். நீங்க இனி ஒண்ணும் கவலைப்படாதீங்க."

எதிர்க்கேள்வி

ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு, நீர், நம் கடமை என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். ஒரு பையன் எழுந்து, நீங்கள் கடைசியாக ஆற்றில் எப்போது குளித்தீர்கள் என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். யோசித்தேன். பகலில் தூங்குகிறவனுக்கு ஆறு ஏது? பத்து வருடம் இருக்கும் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாமல் சேலையைத் திரையாகக் கட்டி, எனக்காகப் பதினெட்டு வருடமாகப் பகலை ராத்திரியாக்கிக் கொடுக்கிறவள் அவள். கேட்டுவிட்டுப் படுக்கையை விரித்தாள். விரித்த படுக்கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். மறுபடியும் சுருட்டினாள். அலமாரியில் இருந்து ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "போய் ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. அடுத்த தடவை கேட்டா நேத்துன்னு சொல்லலாம்லா."

கல்யாண ஆல்பம்

நான் பேசாமல் தூங்கிய கல்லூரியில் இருந்துதான் முதல் படம் வந்தது. இசக்கியும் அவள் ஊர்த் தோழிகள் மூன்று பேரும் சீவலப்பேரிப் படித்துறையைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு தவறாமல் படம் வந்தது. நனைந்த கல்படி, மேலே ஒரு துண்டு வானம், ஒரு தூசி துரும்பு கிடையாது. கீழே ஒரே வரி: "இது எங்கள் படித்துறை. நலமாக இருக்கிறது." அடுத்த வாரமும் அதே வரி. அதற்கடுத்த வாரமும்.

சங்கரலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. எது கெட்டிருக்கிறது என்று தெரிந்தால்தானே நாலு பேரைக் கூட்டி எதையாவது செய்ய முடியும், எல்லாம் நலமென்றால் தளம் எதற்கு என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சித்திரையில் அவனுடைய அம்மாவுக்கு முதல் வருடத் திதி. அதற்கு ஊருக்கு வரும்போது இதையும் முடித்துவிடலாம் என்றான். ஃபோனை வைக்கும் முன் அவன் சொன்னது: "குப்பையைக் காட்டுங்கன்னு சொன்னா, பொண்ணு பாக்க வாரவங்களுக்கு வீட்டைக் காட்டுத மாதிரில்லா காட்டுதாளுவ."

பாய் அகலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிச் சீவலப்பேரிக்குப் போனேன். சிற்றாறு வந்து தாமிரபரணியோடு சேருகிற இடம். செத்தவர்களுக்குக் காரியம் செய்ய எங்கெங்கிருந்தோ வருவார்கள். வந்தவர்கள் உடுத்திய துணியையும், போனவர்களுடைய துணியையும் ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். விட்டவர்களுக்கு அது கடலுக்குப் போய்விடுகிறது. ஆனால் அது நாலடி தள்ளிக் கல்லிலும் வேரிலும் சிக்கிக்கொண்டு கிடக்கும்.

பிள்ளைகள் நாலு பேரும் தொரட்டிக் கம்பால் துணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு சேலையைப் பிடித்து இழுத்தேன். லாரி லாரியாக எடை போட்டவன், மண்ணேறிய ஓர் ஈரச்சேலையை ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை. படியில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் இடம் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் துணி, எச்சில் இலை, பிளாஸ்டிக். அந்தப் பாய் அகலத்துக்குள்தான் செல்ஃபோனின் பார்வை விழும். அதற்குள் விழுகிறதை மட்டும் வாரிக் கரையில் குவிப்பார்கள், ஊராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும், அதற்குப் பிறகுதான் படம்.

வாருவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்தால் என்ன, அதைத்தானே கேட்கிறோம் என்றேன். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிதான் சொன்னாள்: "வெளியூர்ப் பிள்ளைங்கள்லாம் பாப்பாங்க சார். நம்ம ஆத்தைத் தலை சீவாம எப்படிக் காட்ட?"

என் விதி

ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு ஏமாற்றிவிடக் கூடாது என்று, ஒரு படித்துறைக்குள்ளேயே ஒரே இடத்தை இரண்டு தடவை படம் போடக் கூடாது என ஆரம்பத்திலேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். எழுதியதை மறந்தும்விட்டேன். இந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. பெருக்கிப் படம் எடுக்கிற அந்தப் பாயளவு இடத்தை வாரா வாரம் ஒரு பாய் அகலம் தள்ளிக்கொண்டே போனார்கள். சுத்தமான இடம் கெடாமல் இருக்க, பஸ்ஸுக்கு முன்னால் காலையில் ஒரு நடை வந்து பார்த்துக்கொண்டார்கள். மாசி முடிவதற்குள் மேல்படி தீர்ந்து கீழ்ப்படிக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு வாரம் படத்தின் ஓரத்தில் தொரட்டிக் கம்பின் நுனி விழுந்துவிட்டது. சேரன்மகாதேவியில் இருந்து ஒரு மாணவி அதன் கீழே, "கம்பு எத்தனை அடி?" என்று எழுதியிருந்தாள். மார்க் இல்லை, யாரும் சொல்லவில்லை. ஆத்துப்பக்கத்தில் ஓர் ஊர்ப் பிள்ளை இன்னோர் ஊர்ப் பிள்ளையிடம் தானாகப் பேசிய முதல் வரி அதுதான். அதையே பத்துத் தடவை படித்தேன். சங்கரலிங்கத்துக்குச் சொல்லத் தோன்றியது. மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன வாதாட என்று விட்டுவிட்டேன். பங்குனியில் இசக்கியே ஃபோன் பண்ணினாள். குரலில் நிஜமான கவலை: "அந்த விதியை எடுத்துருங்க சார். படித்துறை தீந்து போச்சு. அடுத்த வாரம் நாங்க பக்கத்து ஊர்லல்லா போய்ப் பெருக்கணும்?"

மஞ்சள் பை

சித்திரையில் சங்கரலிங்கம் வந்தான். வீட்டில் ஐயரை வைத்துத் திதி கொடுத்துவிட்டு, மறுநாள் அந்தப் படித்துறையை ஒரு தடவை பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று என் பைக்கில் ஏறினான். கையில் ஒரு மஞ்சள் பை. தங்கச்சி கொடுத்துவிட்டாள் என்றான், அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும். இரண்டு ஆறு சேருகிற இடத்துக்கு அப்படி ஒரு பையைக் கொண்டுவந்தால் அதில் என்ன இருக்கும்? ஆற்றில் விடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா சாகும்போது பக்கத்தில் இருக்க முடியாமல் போனவன் அவன். ஆற்றைக் காப்பாற்ற வருடம் முழுக்கச் செலவு செய்தவனிடம் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

படித்துறை கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. அவன் கடைசிப் படியில் உட்கார்ந்து, பையில் இருந்து ஒரு அரக்குச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வெகுநேரம் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு குனிந்தான். அப்போதுதான் தொரட்டிக் கம்போடு இசக்கி படியிறங்கி வந்தாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் கண்ஜாடை காட்டினேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மா சேலையா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தான்.

அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பைக் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். சண்டைக்கு வந்தவள் பேச்சு இல்லை அது, பையத்தான் பேசினாள்: "முந்தியை மட்டும் நனைச்சிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருங்க அண்ணாச்சி. இங்கன விட்டா அந்த வேர்ல போய்ச் சிக்கும், நாங்கதான் கம்பால இழுப்போம். இதுவரைக்கும் யாரு சேலைன்னு தெரியாம இழுத்தோம். இதைப் பாத்துட்டோம்லா, இனி எப்படி இழுக்க?"

திரும்பும்போது

சங்கரலிங்கம் முந்தியை நனைத்தான். பிழியவில்லை. பைக்கின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஈரம் என் சட்டை முதுகு வரைக்கும் ஊறியது. பாதி வழியில் ஃபோனை எடுத்து ஆத்துப்பக்கத்தைத் திறந்து, முதல் வாரத்தில் இருந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தான். பாய் நகர்ந்து நகர்ந்து வந்ததை அப்போதுதான் பார்க்கிறான் என்று நினைக்கிறேன். கம்பு எத்தனை அடி என்ற வரி வந்ததும், இது நம்ம ஊர்ப் பிள்ளையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

தச்சநல்லூர் வந்துவிட்டது. எடைமேடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சித்திரையோடு மூடுவது என்று பேச்சு, இன்றைக்கே செய்துவிடவா என்று நானே கேட்டேன். பையை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்: "சித்திரைன்னுதாம்லே சொன்னேன். எந்த வருசத்துச் சித்திரைன்னு சொன்னேனா?"

ஆற்றில் உள்ள குப்பையை ஊருக்குக் காட்டுவதற்காகத் தொடங்கிய ஆத்துப்பக்கத்தில் இன்றைய தேதிவரை ஒரு குப்பைப் படம்கூட இல்லை, இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய தோல்வியை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.