தங்கச்சி ஒழித்த வெட்டி நடை

என் தங்கச்சிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் நச்சு. சின்ன வயதில் அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினால்தான் சாப்பிட்டு எழுந்திருப்பாள். "இன்னும் இருக்கா?" "இல்லடி." "நல்லாப் பாத்தியா?" இப்படி நச்சரித்து வாங்கிய பெயர் அது. இப்போது காதோரம் நரைத்துவிட்டது, பெயர் மட்டும் நரைக்கவில்லை.

அவள் கெர்னல் எழுதுகிறவள். கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்து பாரம் சுமக்கிற புரோகிராம் அது. வெளியிலிருந்து வருகிற தகவல் முதலில் அதன் கையில்தான் சிக்கும். தகவல் வந்து விழுகிற பெட்டிக்கு சாக்கெட் என்று பெயர். மற்ற புரோகிராம்கள் கெர்னலிடம் வந்து கேட்டு, பெட்டியில் இருப்பதை வாங்கிக்கொண்டு போகும். அந்தக் கொடுக்கல் வாங்கலைச் சீராக்குகிறேன் பேர்வழி என்று ஒரு வருஷமாக அவள் மல்லுக்கட்டினாள். வீட்டில் நாங்களும் சேர்ந்து கட்டினோம்.

இதெல்லாம் எனக்கு விளங்கியது என் கடையை வைத்துத்தான். நான் சலவைக்கடை நடத்துகிறேன். மாடியில் நச்சுவும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். கடை ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி பதித்திருக்கிறது. ஆட்கள் மூடியைத் தள்ளித் துணிப்பையை உள்ளே போட்டுவிட்டுப் போவார்கள். மெஷின்கள் இருப்பதோ பின்கோடியில். நான் வந்து ஒரு பையை எடுப்பேன், பின்னால் கொண்டுபோய்ப் போடுவேன், மறுபடி வருவேன். பெட்டி காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் உட்காருவேன்.

ஒருநாள் நச்சு மாடிப்படியில் காப்பியோடு உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்தாள்.

"அண்ணே, உன் கடைசி நடை எப்பவுமே வெட்டி நடை. கவனிச்சியா?"

"எதுடி?"

"கையை வீசிக்கிட்டு வர்றே, காலின்னு பாக்குறே, கையை வீசிக்கிட்டே திரும்பிப் போறே. அதுதான்."

"பாக்காம எப்படித் தெரியும்? ஜோசியமா பாக்குறது?"

"அதுக்கு முந்தின பையை எடுத்தப்பவே உள்ள எட்டிப் பாத்திருந்தா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் தேய்ந்த முழங்காலை யாரிடம் போய்க் கேட்பது? என் முகத்தைப் பார்த்து அவளே இறங்கி வந்தாள்.

"விடு. என் கெர்னலும் உன்னை மாதிரி மக்குதான். புரோகிராம் கேக்கும், இது குடுக்கும். மறுபடி கேக்கும், மறுபடி குடுக்கும். 'இல்ல போ'ன்னு சொல்ற வரைக்கும் அது கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் கடைசி 'இல்ல'யை வாங்க ஒரு நடை. பெரிய மெஷின்ல ஒரு செகண்டுக்குள்ள இப்படி எத்தனை வெட்டி நடைன்னு நினைக்கிறே?"

அவளுடைய யோசனை இவ்வளவுதான். தகவலைக் கையில் கொடுக்கும்போதே கெர்னல் கூட ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: 'இன்னும் இருக்கு', அல்லது 'இத்தோட சரி'. இத்தோட சரி என்றால் புரோகிராம் போய்ப் படுக்கலாம். புதிதாக ஏதாவது வந்தால் கெர்னல் தட்டி எழுப்பும்.

பிறத்தியார் வீட்டு யோசனை என்றால் யோசிப்பேன், தங்கச்சியுடையது என்பதால் அன்றைக்கே கடையில் புகுத்தினேன். பையை எடுக்கும்போதே எட்டிப் பார்த்துவிடுவேன். காலி என்றால் திரும்பிப் போய் உட்காருவேன். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மூடி அசைந்தால் பின்கோடியில் அடிக்கிற மாதிரி ஒரு மணி பொருத்திக் கொடுத்தார். ஒரே தொந்தரவு, நான் பெட்டியைத் திறந்தாலும் அந்தச் சனியன் அலறும். அதனால் முன்னால் போகும்போது மணியை அணைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து, பையை மெஷினில் போட்டுவிட்டு, மறுபடி மணியைப் போடுவேன். முழங்கால் எனக்கு நன்றி சொன்னது.

நச்சுவின் பாடுதான் அவ்வளவு சுலபமாக இல்லை. கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு அம்மா இருக்கிறார். கண்காணாத தூரம், பேச்சு எல்லாம் மெயிலில். அவர் தலையாட்டினால்தான் யார் எழுதியதும் உள்ளே நுழையும். எங்கள் வீட்டில் அவருக்கு மாமியார் என்று பெயர் சூட்டினோம். முதல் தடவை அனுப்பியபோது மாமியார் "இது எதற்கு?" என்று கேட்டார். அடுத்த தடவை வரி நீளம், சேர்த்த இடம் சரியில்லை என்றார். மூன்றாம் தடவை வந்த பதிலில், "யோசனை நல்லது. ஆனால் என் மெஷினில் எப்போதாவது ஒருமுறை உறைந்து நிற்கிறது. இதோடு உள்ளே விடமாட்டேன்" என்று இருந்தது.

நச்சுவின் மெஷினில் அது உறையவே இல்லை. தலைகீழாக நின்றும் பார்த்தாள். புதிதாக எழுதியதைக் கெர்னலுக்குள் வாங்குகிற வாசல் அந்த வாரத்தோடு மூடிவிடும். இந்தத் தடவையும் போகாவிட்டால் இதைத் தலைமுழுகிவிட்டு வேறு வேலைக்கு மாறு என்று ஆபீஸிலும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷ உழைப்பு மொத்தமும் குப்பைக்கூடைக்குப் போகும்.

மாப்பிள்ளை கடைக்கு இறங்கி வந்தார். "மச்சான், நேத்து தட்டுல வச்சதைப் பாதியில விட்டுட்டு எழுந்துட்டா. இன்னும் இருக்கான்னு கேக்கவே இல்ல."

"கேக்கலையா?"

"பாத்திரத்தை நானே கவுத்துக் காட்டுனேன். திரும்பிக்கூடப் பாக்கல."

வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் எதிர்ச்சாரி பல் டாக்டரம்மா புயலாக வந்தார். நச்சு படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"காலையில போட்ட என் கோட்டு எங்கய்யா?"

"கோட்டே வரலையேம்மா."

"வரலையா? பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நீங்க உள்ள போறீங்க. உங்க முதுகைப் பாத்துக்கிட்டே போட்டேன்!"

பெட்டியைத் திறந்தேன். பை சமர்த்தாக உள்ளே கிடந்தது.

"மத்தியானமே வாங்கிக்கலாம்னு நம்பி இருந்த கோட்டு அத்தனையும் பெட்டியில போட்டுட்டேன். நாள் முழுக்கப் பூப்போட்ட சமையல் ஏப்ரன்ல நின்னு பல்லு பிடுங்கினேன். ஒரு ஆளு, 'நீங்க நிஜமாவே டாக்டர்தானா?'ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டாரு!"

படியிலிருந்து சிரிப்புச் சத்தம். பல நாள் கழித்து நச்சு சிரித்தாள். நல்லது, என் மானம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். சிரிப்பு சட்டென்று நின்றது.

"அண்ணே, அவங்க போட்டப்ப நீ எங்க இருந்தே?"

"நடுவழியில. சொன்னாங்களே, முதுகுன்னு."

"மணி அடிக்கலையா?"

"அணைஞ்சுல்ல கிடந்தது? போய்த்தானே போடணும்."

"போட்டுட்டு?"

"உக்காந்தேன். அப்புறம் வேற யாரும் போடல, மணியும் அடிக்கல. காலின்னு பாத்துட்டா மறுபடி நடக்காதேன்னு நீதானேடி சொன்னே!"

நச்சு அழுக்குக்கூடையைக் கட்டிப்பிடித்தாள். "நடுவழியில வந்தது," என்றாள். "அய்யோ, நடுவழியில வந்திருக்கு!" அப்படியே மாடிக்கு ஓடினாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உங்க தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?"

அப்புறம்தான் விவரம் சொன்னாள். கெர்னல் 'இத்தோட சரி' என்று சொல்வதற்கும், புரோகிராம் 'வந்தா எழுப்பு' என்று சொல்லிவிட்டுப் படுப்பதற்கும் நடுவில் கண்சிமிட்டும் நேரம் ஒன்று இருக்கிறது. அந்த இடுக்கில் தகவல் வந்து விழுந்தால், எழுப்பச் சொன்ன ஆள் யாரும் இல்லை என்று கெர்னல் சும்மா இருந்துவிடும். தகவல் பெட்டியில் தூங்கும், புரோகிராம் வெளியே தூங்கும். நச்சுவின் மெஷினில் கூட்டம் இல்லை, அதனால் இடுக்கில் எதுவும் விழவில்லை. மாமியார் மெஷின் சந்தைக்கடை.

"அப்போ மணியைப் போட்ட கையோட நான் ஒருதடவை போய்ப் பாத்துடுறேன்," என்றேன்.

"அதுதான் அண்ணே வெட்டி நடை! அதை ஒழிக்கத்தான் இவ்வளவு பாடு. நீ நடக்கவே வேணாம். 'எழுப்பு'ன்னு சொல்லி வைக்கிறப்பவே கெர்னல் பெட்டியை ஒரு பார்வை பாத்துக்கட்டும். அது பெட்டி பக்கத்துலயேதான் நிக்குது. ஏதாவது கிடந்தா படுக்கவே விடாது."

முதலில் தன் மெஷினில் வேண்டுமென்றே கூட்டம் சேர்த்து ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் மாடியில் கூச்சல். என்னவோ ஏதோ என்று ஓடினேன். "உறைஞ்சிடுச்சு அண்ணே, உறைஞ்சிடுச்சு!" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். மெஷின் நின்றதற்குக் குதிக்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு திருத்தி ஓட்டினாள். உறையவில்லை. கூட்டத்தை இன்னும் கூட்டினாள். உறையவில்லை. மாமியாருக்கு அனுப்பினாள்.

மாப்பிள்ளை என் கடைக்கு ஒரு பழைய லிஃப்ட் பொத்தானைக் கொண்டுவந்து மாட்டினார். மூடி அசைந்தால் பின்கோடியில் அதன் விளக்கு பற்றிக்கொள்ளும். நான் பெட்டியைத் திறந்து மூடினால்தான் அணையும். நடுவழியில் யார் போட்டாலும் திரும்பியதும் கண்ணில் பட்டுவிடும்.

வாசல் மூடுகிற நாள் மாமியாரின் பதில் வந்தது. "எடுத்துக்கொண்டேன். ஒரு எழுத்துப்பிழை இருந்தது, நானே திருத்திவிட்டேன்." கீழே இன்னொரு வரியும் இருந்தது. அதைப் படித்துவிட்டு நச்சு விழுந்து விழுந்து சிரித்தாள். கோளாறைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று அனுப்பும்போதே குறிப்பது அவர்கள் வழக்கமாம்.

"என்னைத்தானே போட்டே?" என்றேன்.

"உன்னையா? தப்பு பண்ணுன ஆளு நீ. புகார் குடுத்தது டாக்டரம்மா. 'ஒரு பல் மருத்துவர்'னு போட்டேன்."

மாமியார் கேட்டிருந்தார்: "பல் மருத்துவர் எந்த மெஷினில் சோதித்தார்?"

அன்றைக்கு நச்சு தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் கழுத்தை நீட்டினாள்.

"இன்னும் இருக்கா?"

மாப்பிள்ளை முகமெல்லாம் பல்லாக ஓடிப்போய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றாள்.